இரண்டு கிளாஸில் ஒரே ஈஸ்ட்

நான்காவது கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே எனக்கு வயிறு எரிந்தது. அது என்னுடைய ஈஸ்ட்.

இரண்டாவது கிளாஸிலும் அதே ஈஸ்ட்தான். ஆனால் அது நான் காய்ச்சிய பீர், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நான்காவது கிளாஸ் வேறு யாருடையதோ. முதலில் கிராம்பு வாசனை, அதற்குப் பின்னால் கூச்சப்பட்டுக்கொண்டு கொஞ்சம் வாழைப்பழம், விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு மிளகுக் காரம். மூன்றும் இந்த வரிசையில் வருகிற ஈஸ்ட் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள சின்ன பீர் ஆலையில், திறந்த தொட்டியில் பொங்கி நிற்கும் நுரையிலிருந்து ஆலைக்காரர் தன் கையால் வழித்து என் ஜாம் பாட்டிலில் போட்டுக் கொடுத்தது. "உங்களுக்கு மட்டும்தான்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பவேரியாவில் எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் வீட்டில் கோதுமை பீர் காய்ச்சுகிறவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். எங்கள் ஊரில் நாங்கள் நான்கு பேர். அந்த வசந்தத்தில் தீயணைப்பு நிலையத்துக்குப் புது வண்டி வந்திருந்தது. ஜூன் மாதம் ஃபாதர் வந்து அதற்குத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிக்கும் விழா. அக்கம்பக்கத்து ஊர்த் தீயணைப்புப் படைகளெல்லாம் கொடியோடு வரும். அந்த விழாவுக்கு வெளியிலிருந்து பீர் வாங்கக் கூடாது, நம் ஊர்க் கையே காய்ச்சட்டும் என்று படையின் கேப்டன் சொல்லிவிட்டார். யாருடைய பீரோ அவர்தான் ஃபாதருக்குப் பக்கத்தில் நின்று முதல் பீப்பாயைத் திறப்பார். எனக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டும். எத்தனையோ விழாக்களில் உருளைக்கிழங்கு சாலட் கிண்டிக்கொண்டு பின்பக்கம் நின்றாகிவிட்டது. இந்த முறை முன்னால் நிற்க வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது.

போட்டிக்கு விதி எளிமை. முளைகட்டிய கோதுமையையும் பார்லியையும் ஒரே பெரிய அண்டாவில் வேகவைத்து, இனிப்புக் கஷாயத்தை வடித்து, நான்கு கேன்களில் ஆளுக்குச் சமமாகக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அவரவர் இஷ்டப்பட்ட ஈஸ்ட்டைப் போட்டு நொதிக்க வைக்கலாம். கஷாயம் ஒன்று, ஈஸ்ட் வேறு. கோதுமை பீரில் பாதிக்கு மேல் ருசி ஈஸ்ட் போடுகிற பிச்சை என்பதால், எந்த ஈஸ்ட் என்று தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளை சாஸேஜும் இனிப்புக் கடுகும் ப்ரெட்ஸலும் வைத்து, பெயர் தெரியாமல் நம்பர் ஒட்டிய கிளாஸ்களில் ஊற்றிப் படையினர் எல்லோரும் ருசி பார்த்து வாக்களிப்பார்கள்.

முதல் கிளாஸ் கேப்டனுடையது என்பது குடிக்கும் முன்பே தெரிந்தது. கடையில் விற்கிற உலர்ந்த ஈஸ்ட் பாக்கெட். பபிள்கம் வாசனை. மூன்றாவது மாட்டு டாக்டர் ரோஸ்வித்தாவுடையது. பாவம், அவள் பிரபலமான ஒரு பீர் பாட்டிலின் அடியில் படிந்திருந்த ஈஸ்ட்டை எடுத்து வளர்த்திருந்தாள். சில ஆலைகள் பாட்டிலில் அடைக்கிறபோது அசல் ஈஸ்ட்டை வடிகட்டிவிட்டு வேறு சாதா ஈஸ்ட்டைப் போடும் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் பீரில் கிராம்பும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. கோதுமைக் கஞ்சித் தண்ணீர்.

நான்காவதுதான் ஜெயித்தது. என்னுடையது இரண்டாமிடம்.

"நாலாம் நம்பர் யாருடா?" என்று கத்தினார் கேப்டன்.

குவிரின் கையைத் தூக்கினான். தூக்கினான் என்று சொல்ல முடியாது, காதைச் சொறியப் போகிறவன் மாதிரி பாதி வரைக்கும் கொண்டுபோனான். குவிரின் எங்கள் ஊரில் புகைபோக்கி சுத்தம் செய்கிறவன்.

"அடேங்கப்பா! கரி அள்ற கையில இப்படியொரு பீரா!"

"ஏதோ அமைஞ்சிருச்சு" என்றான் குவிரின்.

"என்ன ஈஸ்ட் போட்ட?" என்று கேட்டேன்.

"பாக்கெட்டுதான்."

"எந்தப் பாக்கெட்டு?"

"அது... செவப்பா இருக்குமே."

"செவப்புப் பாக்கெட்டுல கிராம்பு வராதே. பபிள்கம்தான் வரும். கேப்டன் போட்டிருக்காரே, குடிச்சுப் பாக்கலியா நீ?"

"ஏம்மா, நான்தான் தோத்துட்டேனே, என்னைய ஏன் வம்புக்கு இழுக்கற?" என்றார் கேப்டன். எல்லோரும் சிரித்தார்கள். குவிரினும் சிரித்தான். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் மேஜை மேலிருந்த கடுகைப் பார்த்துச் சிரித்தான். அப்போதே முடிவு கட்டிவிட்டேன், இவன் திருடன்.

என் கணவன் வெண்டலின் பக்கத்தில் உட்கார்ந்து சாஸேஜின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். "விடு அஃப்ரா, ஆறிப்போகுது பாரு, சாப்பிடு" என்றான். வெண்டலின் எப்போதும் இப்படித்தான். நகராட்சி ஷெட்டில் வேலை, தீயணைப்பு நிலையத்தில் சாமான்களுக்குப் பொறுப்பு, வீட்டில் எனக்கு மூட்டை தூக்குவது, பாட்டில் கழுவுவது. வீட்டில் வெடி வைத்தாலும் முதலில் சூப்பைக் குடித்து முடிக்கிற ஆள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டான்: "அந்த நாலாவது... நல்லாவா இருந்துச்சு?"

"திருட்டுச் சரக்கு எப்பவுமே நல்லாத்தான் இருக்கும்."

"உன்னுதவிடவா?"

"பேசாம வா" என்றேன்.

உண்மை என்னவென்றால், என்னுடையதைவிட அது நன்றாகத்தான் இருந்தது. அதே ஈஸ்ட், ஆனால் உருண்டு திரண்டு, முரட்டுத்தனம் இல்லாமல். நான் தினமும் மூடியைத் திறந்து திறந்து மோந்து பார்ப்பேன், பொறுமை கிடையாது. அதைக் காய்ச்சியவன் மூடியைத் தொடாமல் விட்டிருக்கிறான். குளிர்ச்சி மாறாத ஒரு இடத்தில் வைத்திருக்கிறான். இதையெல்லாம் நான் வெண்டலினிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

என் ஈஸ்ட் எப்படி வெளியே போனது என்பதுதான் அடுத்த கேள்வி. முதல் சந்தேகம் ஆலைக்காரர் மேல். ஆற்றைத் தாண்டிப் போய் நேராகவே கேட்டேன்.

"எனக்கு மட்டும்னு சொன்னீங்களே, எங்க ஊர்ல வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

"உங்க ஊர்லேர்ந்து வேற யாரு இவ்வளவு தூரம் வந்து என் உயிரை வாங்கறாங்க?" என்றார் அவர். நம்பலாம் போலத்தான் இருந்தது. முழுசாக நம்பவில்லை.

அடுத்து ரோஸ்வித்தா. அவள் எப்போது வேண்டுமானாலும் என் சமையலறைக்குள் வந்து போகிறவள், குவிரினின் மனைவிக்கும் சிநேகிதி. அவளுடைய மைக்ராஸ்கோப்பில் என் பீர், நான்காவது பீர் இரண்டின் அடிமண்டியையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்க்கிற சாக்கில் அவள் முகத்தை நான் பார்த்தேன்.

"ரெண்டுமே முட்டை முட்டையா இருக்குடி" என்றாள்.

"ஒரே முட்டையா, வேற வேற முட்டையா?"

"ஈஸ்ட்டு எல்லாமே முட்டை மாதிரிதான் இருக்கும். உசிரோட இருக்கா செத்துருச்சான்னு சொல்லலாம், யாரு பெத்ததுன்னு எப்படிச் சொல்றது? போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீ. வீணாப் போயிட்ட."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆக, மிச்சம் குவிரின். யோசித்துப் பார்த்தால் அவனுக்குத்தான் எல்லாம் பொருந்தியது. எங்கள் நாட்டில் பூட்டிய வீட்டுக்குள் சட்டப்படியே நுழைய முடிந்தவன் புகைபோக்கிக்காரன். சீட்டு ஒட்டிவிட்டுப் போவான்; இன்ன நாள் வருகிறேன், கொதிகலனைச் சோதிக்க வேண்டும் என்று. கதவைத் திறந்து விட்டுத்தான் ஆக வேண்டும். வருகிறவனுக்குக் கறுப்புச் சட்டையும் பளபளக்கிற பித்தான்களும் வேறு. தொட்டால் அதிர்ஷ்டம் என்று ஜனங்கள் பித்தானைத் தொட்டுப் பார்ப்பார்கள். என் கொதிகலன் நிலவறையில் இருக்கிறது. ஈஸ்ட் இருக்கிற ஃப்ரிட்ஜும் அதே நிலவறையில்தான். ஒரு ஸ்பூன் போதுமே அவனுக்கு.

கையும் களவுமாகப் பிடிக்க சமயமும் வாய்த்தது. விழாவுக்குப் பெரிய அளவில் காய்ச்சும் முன்னால் ஜெயித்தவர் இன்னொரு முறை சின்னதாகக் காய்ச்சிக் காட்ட வேண்டும் என்று கேப்டன் சொல்லியிருந்தார். முதல் முறை குருட்டு அதிர்ஷ்டமாக இருந்துவிடக் கூடாதல்லவா. கெட்டிக்காரனாக இருந்தால் குவிரின் முதல் தடவை வாளியின் அடியில் படிந்த ஈஸ்ட்டை எடுத்து வைத்திருப்பான். ஆனால் ஊருக்கே தெரிய அவன் புதுக் கஷாயம் வாங்கிவந்த வாரமும், நிலவறைச் சோதனைக்கு என் வீட்டுக் கதவில் சீட்டு ஒட்டிய வாரமும் ஒன்றே. இது தற்செயலா? என் மூக்கில் வேர்த்தது.

நல்ல ஈஸ்ட்டை ரோஸ்வித்தா வீட்டு ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் ஒளித்தேன். அதே ஆலைக்காரரிடம் சாதா பீருக்குப் போடுகிற, அடியில் படிந்து குளிரிலேயே வேலை செய்கிற ஈஸ்ட்டைக் கேட்டு வாங்கினேன். பார்க்க இரண்டும் ஒன்றுதான், கெட்டி மோர் மாதிரி இருக்கும். அதை 'கோதுமை' என்று சீட்டு ஒட்டிய என்னுடைய பழைய பாட்டிலில் ஊற்றி வைத்தேன். இந்த ஈஸ்ட்டைக் கோதுமைக் கஷாயத்தில் போட்டால் கிராம்பு வராது, அழுகிய முட்டை நாற்றம்தான் முதலில் வரும். திருடினவன் வாளி தானே நாறிக் காட்டிக்கொடுக்கும். பாட்டிலில் ஈஸ்ட் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே சீட்டின் மேல் நகத்தால் ஒரு கீறல் போட்டேன்.

குவிரின் வந்தான். "என்ன அஃப்ரா, பித்தானைத் தொட்டுக்கறியா?"

"எனக்கு அதிர்ஷ்டம் வேண்டாம். கீழ போய் வேலையப் பாரு."

"நீ வரலியா?"

"எனக்கு மூட்டு வலி" என்றேன். படியின் மேலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கீழே உலோகம் உரசுகிற சத்தம், அவன் சீட்டியடிக்கிற சத்தம், பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சத்தம் இல்லாத அந்த நேரத்தில்தான் எடுத்திருப்பான் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். அவன் போன பிறகு நான் பேக்கரிக்குப் போய்விட்டு வந்தேன், வெண்டலின் நிலவறையிலிருந்து உருளைக்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தான், சமைத்துச் சாப்பிட்டோம். அதற்கப்புறம்தான் கீழே போய்ப் பாட்டிலைப் பார்த்தேன். கீறலுக்குக் கீழே இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! படியேறும்போது மூட்டே வலிக்கவில்லை.

இனி நாறுகிற வாளியைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி. ரோஸ்வித்தாவின் வாயைப் பிடுங்கினேன்.

"குவிரின் வீட்டுல வாடை எப்படி இருக்கு?"

"அங்க ஏது வாடை? அவன் பொண்டாட்டி வீட்டுக்குள்ள பீரே காய்ச்ச விடறதில்லையாம். அந்தக் கஷாயக் கேனு தீயணைப்பு நிலையத்துக்குள்ள போனதைப் பாத்தேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. தீயணைப்பு நிலையத்தில் தண்ணீர் பீய்ச்சி ஈரமான குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்கிற கோபுரம் ஒன்று உண்டு. தடித்த சுவர், ஜன்னல் கிடையாது, வெயிலிலும் மழையிலும் ஒரே குளிர்ச்சி. நான்காவது கிளாஸ் அவ்வளவு உருண்டு திரண்டு வந்தது அதனால்தான். சாமான்களுக்குப் பொறுப்பாக இருக்கிற வெண்டலினின் மூக்குக்குக் கீழேயே குவிரின் வாளியை வைத்திருக்கிறான், இந்த மனுஷன் கவனிக்கவே இல்லை என்று அவன் மேலும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் காலை பீருக்கு விடுதிக்குள் நுழைவார்கள். வெண்டலினும் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். குவிரின் விடுதிக்குள் நுழைவதை நான் கண்ணால் பார்க்கவில்லை. அது போதும் எனக்கு. பூசைக்குக் கட்டியிருந்த நல்ல பாவாடையோடு நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கு நடந்தேன். கோபுரத்துக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. சந்திலிருந்தே அழுகிய முட்டை நாற்றம் வந்தது. 'மாட்டினாயா!' என்று கதவை ஒரே தள்ளாகத் தள்ளினேன்.

உள்ளே, தொங்குகிற குழாய்களுக்கு நடுவில், கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் வெண்டலின் உட்கார்ந்திருந்தான். மடியில் ஸ்பூன். எதிரே திறந்த வாளி.

"குவிரின் எங்க?" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"விடுதியில இருப்பான்." அவன் எழுந்திருக்கவில்லை. "கெட்டுப்போச்சு அஃப்ரா. மோந்து பாரு. முட்டை நாத்தம்."

"இது யாரு வாளி?"

"என்னுது."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போன தடவை குவிரினுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. அவன் பங்குக் கஷாயத்தைச் சாக்கடையில ஊத்தறேன்னான். நான் வாங்கிக்கிட்டேன். ஈஸ்ட்டு உன் பாட்டில்லேர்ந்து ஒரு கரண்டி எடுத்தேன்."

"குவிரின் கையைத் தூக்கினானே?"

"நான்தான் தூக்கச் சொன்னேன். ஜெயிக்கும்னு யாரு கண்டா? ஜெயிச்சதும் அவனுக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல, எனக்கும் தெரியல."

"ஒரு தடவை ஜெயிச்ச ஈஸ்ட்டு வாளியிலயே இருந்திருக்குமே. திரும்பவும் எதுக்கு என் பாட்டில்ல கை வெச்ச?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கழுவிட்டேன்."

"என்னது?"

"பாட்டில்ல அடைச்சதும் வாளியத் தேய்ச்சுக் கழுவிட்டேன். உன் வாளியக் கழுவிக் கழுவிப் பழக்கமாயிருச்சு. கழுவி வெயில்ல கவுத்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அதுலதான் எல்லாம் இருந்துச்சுன்னு."

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு வரவில்லை.

"எங்கிட்டக் கேக்கறதுக்கு என்ன?"

"கேட்டா நீ சிரிப்ப." ஸ்பூனைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "பரவாயில்ல. எனக்கு இந்த வேலை வராதுன்னு தெரிஞ்சுபோச்சு. போன தடவை உன் ஈஸ்ட்டோட புண்ணியம், அவ்வளவுதான். அதையே போட்டு இந்தத் தடவை நாறடிச்சிருக்கேன் பாரு. கேப்டன்கிட்ட நாளைக்கு உள்ளதைச் சொல்லிடறேன். ரெண்டாமிடம் நீதானே, நீயே காய்ச்சு."

நான் கேட்காமலே எல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. ஃபாதருக்குப் பக்கத்தில் நிற்கிற இடம், முதல் பீப்பாய், எல்லாம். 'சரி' என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நாற்றம் கண்ணைக் கரித்தது. அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த விதம் எனக்குத் தாங்கவில்லை.

"வெண்டலின், அது கோதுமை ஈஸ்ட்டு இல்ல. சாதா ஈஸ்ட்டு. நான்தான் பாட்டில்ல மாத்தி ஊத்தி வெச்சேன்."

அவன் நிமிர்ந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

"அப்போ... கெடுத்தது நான் இல்லியா?"

"இல்ல. யாரு போட்டிருந்தாலும் இப்படித்தான் நாறும். அந்த நாலாவது கிளாஸ் இருக்கே, அது என்னுதவிட நல்லா இருந்துச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்று கூட அப்படி நான் பார்த்ததில்லை. எழுந்து வாளியைச் சுற்றி ஒரு நடை நடந்தான், ஒரு குழாயைப் பிடித்து ஆட்டினான், தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். நான் அவனை ஏமாற்றியிருக்கிறேன் என்பதே அவன் மண்டையில் ஏறவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று நானும் சிரித்தேன்.

"பொறியே வெச்சிருக்கியே! யாருக்கு வெச்ச?"

"வேற யாருக்கு, குவிரினுக்கு. ரோஸ்வித்தா மேலயும் சந்தேகம்தான். அந்த ஆலைக்காரர் வரைக்கும் போய்க் கேட்டுட்டு வந்தேன்."

"என் மேல?"

"உன் மேலயா? சேச்சே! அது கனவுல கூட வரல." சமாதானமாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு நிமிஷம்கூடவா?"

"வெண்டலின், நான் அந்த அர்த்தத்துல—"

"ஈஸ்ட்டு நம்ம நிலவறையில இருந்துச்சு. ரெண்டு கிளாஸும் ஒண்ணுன்னு நீ கண்டுபிடிச்சுட்ட. ஆத்தைத் தாண்டிப் போய் விசாரிச்சிருக்க, மைக்ராஸ்கோப்பு வெச்சுப் பாத்திருக்க." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "அந்த வீட்டுல இருக்கறதே ரெண்டு பேர்தான், அஃப்ரா."

எந்தச் சமாதானத்தை எடுத்தாலும் அது அவனை இன்னும் கீழே தள்ளும் என்று தெரிந்தது. அவன் வாளியைத் தூக்கி வெளியே சாக்கடைப் பக்கம் நடந்தான். நான் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"நல்ல ஈஸ்ட்டு ரோஸ்வித்தா வீட்டுல பத்திரமா இருக்கு" என்றேன். "இப்பவே போய்க் கொண்டுவந்து தர்றேன்."

"வேண்டாம். எந்த ஈஸ்ட்டுன்னு நான் பாத்துக்கறேன்."

வாளியைக் கவிழ்த்துக் கொட்டினான். கழுவினான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனான், ஞாயிற்றுக்கிழமை ஆலை திறந்திருக்காது என்று தெரிந்தும்.